லீ ஹுவா எப்போது பேசுவாள்?

லீ ஹுவாவை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. சீனாவில் உயர்தர வகுப்பில் படிக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் தெரியும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். 1990களிலிருந்து அவள் பாடசாலை மாணவியாகவே இருக்கிறாள். வெளிநாட்டு நண்பர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதுதான் அவளுடைய வேலை. 2017 இல் லெஸ்லி என்ற பிரித்தானிய நண்பருக்கு அடுத்த சீன மொழிப் பாடம் எப்போது, எங்கே, தாங் காலக் கவிதைக்கு என்ன ஆயத்தம் செய்ய வேண்டும் என்று எழுதினாள். 2018 இல் டெரி என்பவருக்குச் சீன வீட்டுக்கு விருந்துக்குப் போனால் எத்தனை மணிக்குப் போவது, என்ன பரிசு கொண்டு போவது, சாப்பாட்டு மேசையில் எப்படி நடப்பது என்று விளக்கினாள். 2019 இல் லண்டனில் நடந்த சீன ஓவியக் கண்காட்சி ஒன்றில் தொண்டராகப் பணிபுரிய விண்ணப்பித்தாள். இத்தனை கடிதங்களுக்கும் அவளுக்கு ஒரு பதில் கூட வந்ததில்லை.

வராததற்குக் காரணம் எளியது. லீ ஹுவா என்று ஒருவர் இல்லை. சீனாவின் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையின் ஆங்கில வினாத்தாளில், "நீங்கள் லீ ஹுவா என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கும் கேள்வியில் வருகின்ற கற்பனைப் பெயர் அது. அந்தப் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. நான் ஒரு மாணவி என்பதால் "அவள்" என்றே எழுதுகிறேன்.

லீ ஹுவாவை எனக்கு அறிமுகப்படுத்தியவர் என் பெரியும்மாவின் மகள். அந்த ராத்தா சீனாவில் மருத்துவம் படிக்கிறார். சென்ற விடுமுறைக்கு வந்தபோது, "நீதான் ஆங்கிலத்துல ஏ எடுத்த ஆளாச்சே, இத எழுதிக் காட்டு பாப்போம்" என்று ஒரு வினாத்தாளை அச்செடுத்து என் முன்னால் வைத்தார். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து எழுதினேன்.

வினாத்தாள் 150 புள்ளிக்குரியது. முதலில் செவிமடுத்தல், 20 கேள்விகள், 30 புள்ளி. அடுத்து வாசிப்பு 50 புள்ளி. பிறகு ஒரு பந்தியிலிருந்து 15 சொற்களை எடுத்துவிட்டு, பொருந்தும் சொல்லைத் தெரியச் சொல்லும் பகுதி. அதன்பின் இலக்கணத்துக்கு 10 இடைவெளிகள். இவை இரண்டுக்கும் சேர்த்து 30 புள்ளி. இறுதியில் எழுத்து 40 புள்ளி. அதில் 15 புள்ளி லீ ஹுவா எழுதுவது போன்ற ஒரு சிறு கடிதத்துக்கு. 25 புள்ளி, பாதியில் நிற்கும் ஒரு கதையை இரண்டு பந்திகளில் எழுதி முடிப்பதற்கு.

வாசிப்பிலும் இலக்கணத்திலும் நான் குறை சொல்லும்படி செய்யவில்லை. செவிமடுத்தலில் விழுந்தேன். முதல் ஐந்து உரையாடல்களும் ஒரு தடவை மட்டுமே ஒலிக்கும். கேள்வியைப் பார்த்து முடிப்பதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். ஐந்தில் ஒன்றுதான் சரி. எனக்கு வெட்கமாக இருந்தது. பதினொரு வருடம் ஆங்கிலம் படித்தும், ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடை எழுதிய முதல் நாள் அதுதான்.

அந்த வினாத்தாளின் எந்தப் பக்கத்திலும் பேச்சு இருக்கவில்லை. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

முதலில் இந்தப் பரீட்சை எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டும். சீனர்கள் இதைக் "காவ்காவ்" என்பார்கள். ஒவ்வொரு வருடமும் ஜூன் 7, 8 ஆம் திகதிகளில் தொடங்கும். 2024 இல் இதற்கு விண்ணப்பித்தவர்கள் 13.42 மில்லியன் பேர். மொத்தம் 750 புள்ளி. அதில் சீன மொழிக்கு 150, கணிதத்துக்கு 150, அந்நிய மொழிக்கு 150. ரஷ்ய மொழி, ஜப்பானிய மொழி போன்றவற்றையும் எடுக்கலாம் என்றாலும் மிகப் பெரும்பாலானோர் எடுப்பது ஆங்கிலம்தான். ஒரு சீனப் பிள்ளைக்குத் தாய்மொழிக்குள்ள அதே புள்ளி ஆங்கிலத்துக்கும் உண்டு என்பதை நினைத்துப் பாருங்கள்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. கலாசாரப் புரட்சியின்போது நின்று போன நுழைவுப் பரீட்சை 1977 இல் மீண்டும் தொடங்கியது. 1978 இல் அந்நிய மொழி வினாத்தாள் இருந்தது, ஆனால் அதன் புள்ளி மொத்தத்தில் சேரவில்லை. மறுவருடம் முக்கிய பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் 10 சதவீதம் சேர்த்தார்கள். 1980 இல் 30, 1981 இல் 50, 1982 இல் 70 சதவீதம். 1983 இல்தான் முழுப் புள்ளியும் சேர்ந்தது. ஆங்கில ஆசிரியரே இல்லாத கிராமங்கள் நிறைந்த ஒரு நாட்டில் அவர்கள் இப்படிப் படிப்படியாகச் செய்தார்கள். இந்த வருடங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

எதற்குப் புள்ளி இருக்கிறதோ அதைத்தான் பிள்ளைகள் படிப்பார்கள். இதில் சீனப் பிள்ளைகளுக்கும் நமக்கும் வித்தியாசமில்லை. ஹெபெய் மாகாணத்தில் ஹெங்ஷுய் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள உயர்நிலைப் பாடசாலை கடுமையான பயிற்சிக்குப் பேர்போனது. அந்த ஊரின் பெயரால் ஓர் ஆங்கிலக் கையெழுத்தே உண்டு. எழுத்துக்கள் சாயாமல், உருண்டையாக, ஒரே அளவில் அச்சடித்தது போல் இருக்கும். விடைத்தாளை ஸ்கேன் செய்து கணினித் திரையில் வைத்துத் திருத்துகிறார்கள். திருத்துபவரின் கண்ணுக்கு இதமாக இருந்தால் நல்ல புள்ளி விழும் என்பதற்காகப் பிள்ளைகள் மாதக்கணக்கில் அந்த எழுத்தைப் பழகுகிறார்கள். ராத்தா ஒரு படம் காட்டினார். கையால் எழுதியது என்று நான் நம்பவில்லை.

அத்தனை அழகாக ஆங்கிலம் எழுதும் பிள்ளை அதைப் பேசுவது எப்படி? சீனர்களே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். "ஊமை ஆங்கிலம்". வாசிக்கும், எழுதும், வாய் திறக்காது.

யூ மின்ஹொங் என்பவரின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஜியாங்சு மாகாணத்துக் கிராமத்துப் பிள்ளை. 1978 இல் பரீட்சை எழுதியபோது ஆங்கிலத்தில் 33 புள்ளி. மறுவருடம் 55. மூன்றாம் தடவை, 1980 இல் 95 எடுத்துப் பீக்கிங் பல்கலைக்கழக ஆங்கிலத் துறைக்கே போய்ச் சேர்ந்தார். ஆனால் போன இடத்தில் காதும் வாயும் கைகொடுக்கவில்லை. மேல் வகுப்பிலிருந்து தன்னைக் கீழ் வகுப்புக்கு இறக்கினார்கள் என்று அவரே தன் உரைகளில் சொல்லியிருக்கிறார். பின்னாளில் 1993 இல் நியூ ஓரியண்டல் என்ற, சீனாவின் மிகப் பெரிய தனியார் ஆங்கில வகுப்பு நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர்தான்.

இதையெல்லாம் கேட்டதும் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பேச்சைப் பரீட்சிக்காத மொழிப் பரீட்சை பிழையான பரீட்சை. நாளைக்கே அதைச் சேர்க்க வேண்டும். ராத்தாவிடம் பெரிதாக வாதாடினேன். அவர் பதில் பேசாமல் தொலைபேசியை எடுத்துத் தன்னுடைய சீனத் தோழி ஒருவரை வீடியோவில் அழைத்தார். "இவகிட்ட சொல்லு" என்று என் கையில் தந்துவிட்டார்.

அந்தத் தோழி கன்சு மாகாணத்து மலைக்கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். ஆங்கிலத்தில் 150 க்கு 130 க்கு மேல் எடுத்தவர். நான் சாதாரண தரத்தில் ஏ எடுத்தவள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் "ஹலோ" என்றேன். அவரும் "ஹலோ" என்றார். பிறகு ஒன்றுமில்லை. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். "என்ன ரெண்டு பேரும் ஊமையாகிட்டீங்க?" என்று ராத்தா பக்கத்திலிருந்து கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மனதுக்குள் வசனத்தைக் கட்டி, காலம் சரியா, முன்னிடைச்சொல் சரியா என்று பார்த்து முடிக்கும்போது பேசும் நேரம் போய்விடுகிறது. கடைசியில் அவர்தான் வழி கண்டுபிடித்தார். திரையின் கீழே ஒரு செய்தியைத் தட்டச்சு செய்தார். நானும் தட்டினேன். அடுத்த அரை மணித்தியாலம் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு சத்தமும் இல்லாமல், மிக நல்ல ஆங்கிலத்தில் எழுதி எழுதிப் பேசினோம்.

அப்படி அவர் எழுதிய ஒரு விடயம் என் வாதத்தை நிறுத்தியது. அவருடைய கிராமத்துப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்த ஆசிரியை ஒலிநாடாவில் கேட்டுப் பழகியவர். ஆங்கிலம் பேசும் எவரையும் அவர் நேரில் கண்டதில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்கோ வெளிநாட்டு ஆசிரியர்கள், தனியார் வகுப்பு, விடுமுறைக்கு வெளிநாட்டுப் பயணம். "என் வருடத்தில் பேச்சுக்கும் புள்ளி இருந்திருந்தால் நான் இந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்க மாட்டேன். கிராமத்தையும் நகரத்தையும் ஒரே மாதிரி நடத்தியது அந்தக் காகிதம் மட்டும்தான்" என்று அவர் எழுதினார்.

இதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. வசதியில்லாத பிள்ளைக்கு எழுத்துப் பரீட்சை ஒரு பாதுகாப்பு என்பது உண்மைதான். மனப்பாடமும் விடாமுயற்சியும் இலவசம். உச்சரிப்பு இலவசமாகக் கிடைப்பதில்லை.

ஆனால் பல நாள் யோசித்த பிறகு இன்னொன்றும் விளங்கியது. அந்தப் பாதுகாப்பு பரீட்சை மண்டபத்தின் வாசலோடு முடிந்துவிடுகிறது. வேலைக்கான நேர்முகப் பரீட்சையில், வெளிநாட்டுப் புலமைப்பரிசிலில், மருத்துவ மாநாட்டில் யாராவது பேசச் சொல்வார்கள். நகரத்துப் பிள்ளை தன் வாப்பாவின் காசில் பேசப் பழகியிருப்பாள். கிராமத்துப் பிள்ளைக்குப் பழக்கும் ஒரே இடம் பாடசாலை. அந்தப் பாடசாலையோ, புள்ளி இல்லாததால் பேச்சைத் தொடவே இல்லை. பேச்சைப் பரீட்சிக்காததால் அவளுக்கு வரும் நட்டம் இல்லாமல் போகவில்லை, நாலைந்து வருடம் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான்.

சீனாவில் இதற்கு வேறொரு தீர்வைச் சொல்வோரும் உண்டு. ஆங்கிலத்தின் பாரத்தையே குறைத்துவிடுங்கள் என்கிறார்கள். 2013 இல் பீஜிங் நகரம் ஆங்கிலத்தின் 150 புள்ளியை 100 ஆகக் குறைத்து, சீன மொழியை 180 ஆக உயர்த்தும் ஒரு திட்டத்தை முன்வைத்தது. பெரிய விவாதம் நடந்தது, திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. 2021 இல் தேசிய ஆலோசனை மாநாட்டு உறுப்பினர் ஒருவர் ஆங்கிலத்தைப் பிரதான பாடம் என்ற நிலையிலிருந்தே எடுக்கச் சொன்னார். இதில் எனக்கு உடன்பாடில்லை. இதற்குச் சான்று தேடி நான் தூரம் போக வேண்டியதில்லை. நம் நாட்டில் உயர்தரப் பொது ஆங்கிலத்தின் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேர்வதே இல்லை. பாரம் பூச்சியம். அதனால் நாம் வாய் திறந்து பேசுகிறோமா? அங்கே 150 புள்ளி, இங்கே பூச்சியம், அன்று திரையின் இரு பக்கத்திலும் ஒரே மௌனம். எவ்வளவு புள்ளி என்பதைவிட எதற்குப் புள்ளி என்பதுதான் முக்கியம்.

பேச்சைப் பரீட்சிக்க முடியாது, ஆளுக்கு ஆள் புள்ளி மாறும், நம்பிக்கை போய்விடும் என்றும் சொல்கிறார்கள். நம்பிக்கை எவ்வளவு மென்மையானது என்பதற்கு ஸெஜியாங் மாகாணம் சாட்சி. அங்கே ஆங்கிலப் பரீட்சையை வருடத்துக்கு இரண்டு தடவை எழுதி, கூடிய புள்ளியை வைத்துக்கொள்ளலாம். 2018 நவம்பர் வினாத்தாள் முன்னையதைவிடக் கடினமாக அமைந்துவிட்டது என்று, சில கேள்விகளின் புள்ளியை அதிகாரிகள் கூட்டிச் சரிசெய்தார்கள். பெறுபேறு வந்ததும் பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். மாகாண அரசு விசாரித்து அந்தக் கூட்டலை இரத்துச் செய்தது. கல்வித் திணைக்களத் தலைவர் பதவி இழந்தார். இது நடந்தது எழுத்துப் பரீட்சையில்தான் என்பதைக் கவனியுங்கள். நேர்மை என்பது காகிதத்தில் தானாக ஒட்டியிருப்பதில்லை. முன்கூட்டியே விதியைச் சொல்லி, அதை மாற்றாமல் நடத்துவதில்தான் இருக்கிறது. அப்படி நடத்தினால் பேச்சையும் பரீட்சிக்கலாம்.

பரீட்சிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மகிழ்ச்சியான செய்தி. குவாங்டொங் மாகாணத்தில் 20 புள்ளிக்குக் கணினி மூலம் செவிமடுத்தலும் பேச்சும் நடக்கிறது. பிள்ளை ஒலிவாங்கியைப் போட்டுக்கொண்டு ஒரு காட்சியைப் பார்த்து அதே போல் வாசிக்க வேண்டும். பிறகு ஓர் உரையாடலில் மூன்று கேள்விகளைத் தானே கேட்க வேண்டும், ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசியில், கேட்ட கதையை மீளச் சொல்ல வேண்டும். ஷங்ஹாயிலும் பேச்சுக்குப் புள்ளி உண்டு. பீஜிங் 2021 முதல் 150 இல் 50 புள்ளியைக் கணினி வழியான செவிமடுத்தலுக்கும் பேச்சுக்கும் ஒதுக்கியிருக்கிறது. அதற்கும் இரண்டு வாய்ப்புகள், கூடிய புள்ளி எதுவோ அதுவே கணக்கு. ஒரு நாள் தொண்டை கட்டினாலும், பயத்தில் நா எழாவிட்டாலும் வாழ்க்கை முடிந்துவிடாது.

ஆனால் இந்தப் பெயர்களைப் பாருங்கள். பீஜிங், ஷங்ஹாய், குவாங்டொங். எல்லாம் வசதியான இடங்கள். கன்சுவின் மலைக்கிராமத்துக்கு இது எப்போது போகும்?

இங்கேதான் நான் முன்பு சொன்ன அந்த வருடங்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. 1978 இல் ஆங்கிலத்துக்கும் இதே சிக்கல் இருந்தது. ஆசிரியர் இல்லை, புத்தகம் இல்லை. அதற்காக அவர்கள் ஆங்கிலத்தைக் கைவிடவுமில்லை, கிராமத்துப் பிள்ளையின் தலையில் ஒரே நாளில் முழுப் பாரத்தையும் இறக்கவுமில்லை. முதல் வருடம் பூச்சியம், பிறகு 10, 30, 50, 70, கடைசியில் 100. பேச்சையும் அப்படிக் கொண்டுவரலாம். முதல் வருடம் எல்லா மாகாணத்திலும் பேச்சுப் பரீட்சை நடக்கட்டும், புள்ளி மட்டும் மொத்தத்தில் சேர வேண்டாம். எந்தப் பாடசாலைக்கு ஆசிரியர் வேண்டும், எங்கே கணினி வேண்டும் என்று அந்தப் பெறுபேறு அரசுக்குக் காட்டும். அவற்றைக் கொடுத்த பிறகு 10 சதவீதம் சேர்க்கட்டும். கொடுக்காமல் 30 க்குப் போகக் கூடாது. பரீட்சை பிள்ளையை மட்டும் அளக்காமல், பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்களா என்றும் அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேச்சுப் பரீட்சை லண்டன்காரரைப் போல் பேசுகிறாளா என்று பார்க்கக் கூடாது. கேட்பவருக்கு விளங்குகிறதா, கேட்டதற்குப் பதில் சொல்கிறாளா என்றுதான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஹெங்ஷுய் கையெழுத்தைப் போல, எல்லோரும் பழகிய ஒரே குரலில் மனப்பாடம் ஒப்புவிக்கும் இன்னொரு கலை பிறந்துவிடும்.

என் கருத்தை அந்தக் கன்சுத் தோழிக்கு எழுதி அனுப்பினேன். முழுவதும் ஏற்றுக்கொள்ளவில்லை. "கணினியைக் கொடுத்துவிடுவார்கள், நல்ல ஆசிரியரைக் கொடுக்க மாட்டார்கள்" என்று பதில் போட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். தன் தங்கை இப்போது அதே பாடசாலையில் படிக்கிறாளாம். அவளாவது பேச வேண்டும் என்று ஆசையாம்.

இப்போது நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் சந்திக்கிறோம். ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறோம். முதல் பத்து நிமிடம் தட்டச்சு கிடையாது, எவ்வளவு தடுமாறினாலும் வாயால்தான் பேச வேண்டும். முதல் வாரம் அந்தப் பத்து நிமிடமும் ஒரு மணித்தியாலம் போல் இருந்தது. போன வாரம் அவர் சீன வீட்டுக்கு விருந்துக்கு வருவதெப்படி என்று எனக்குச் சொல்லத் தொடங்கினார், அந்தப் பழைய லீ ஹுவா கடிதத்தில் உள்ளதைப் போலவே. நேரத்துக்கு வர வேண்டும், பழம் கொண்டு வரலாம் என்றார். நான் இடையில் மறித்து, எங்களுக்கு ஹலால் சாப்பாடு வேண்டுமே, அதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டேன். கடிதத்தில் அந்தக் கேள்வி இல்லை. அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, கன்சுவில் முஸ்லிம்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தன் ஊர்ச் சந்தையில் அவர்களின் கடையில் கையால் இழுத்துச் செய்யும் நூடில்ஸ் கிடைக்கும், அங்கே கூட்டிப் போவேன் என்று சொன்னார். இலக்கணம் இரண்டு இடத்தில் பிழைத்தது. எனக்கு எல்லாம் விளங்கியது.